செமாண்டிக் வெப் படிக்கிற பிள்ளைக்கு வேலை கிடைக்குமா?

அக்கா, மகள் கம்பஸில் இறுதியாண்டு புரொஜெக்டுக்கு செமாண்டிக் வெப்பை எடுக்கப் போகிறார், இதைப் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். எடுக்கட்டும். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

செமாண்டிக் வெப் என்றால், இணையத்தில் உள்ள தகவலைக் கம்ப்யூட்டருக்கும் பொருள் புரியும்படி எழுதிவைப்பது. விஷயம் இதுதான். ஒரு பட்டியலில் வெள்ளவத்தை என்று இருக்கும், இன்னொன்றில் கொழும்பு 06, மூன்றாவதில் அதே பெயர் சிங்களத்தில், நான்காவதில் ஆங்கிலத்தில், அதிலும் எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும். நமக்கு எல்லாம் ஒரே இடம், கம்ப்யூட்டருக்கு நாலு இடம். அதனால் இடமோ ஆளோ பொருளோ, எதுவானாலும் அதற்கு இணைய முகவரி மாதிரி ஒரு நிலையான அடையாளம் கொடுத்து, அதைப் பற்றிய ஒவ்வொரு தகவலையும் மூன்று துண்டாக எழுதுகிறார்கள்: வெள்ளவத்தை, அமைந்துள்ள இடம், கொழும்பு. இந்த முறைதான் ஆர்டிஎஃப். இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதை 1999இல் பரிந்துரையாக வெளியிட்டது. இப்படி எழுதிய தரவிடம் கேள்வி கேட்கும் மொழியான ஸ்பார்க்கிள் 2008இல் வந்தது.

கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து 2011இல் தொடங்கிய ஸ்கீமா.ஆர்க் இதே வழியில் வந்ததுதான். கடைக்காரர் தன் பக்கத்தில் விலையையும் திறக்கும் நேரத்தையும் தேடுபொறிக்குப் புரியும்படி அதை வைத்துத்தான் குறிக்கிறார். 2012இல் தொடங்கிய விக்கித்தரவு, விக்கிப்பீடியாவோடு சேர்ந்த திறந்த தரவுத்தளம். அதில் இலங்கைக்கு அடையாள எண் கியூ854, தமிழ் மொழிக்கு கியூ5885. பெயரை எந்த மொழியில் எழுதினாலும் எண் மாறாது. மூன்று மொழியில் பதிவேடு வைத்திருக்கும் நம் நாட்டுக்கு இது கட்டாயம் தேவை என்றே நான் நினைக்கிறேன்.

சரி, வேலை. செமாண்டிக் வெப் என்ற பெயரைப் போட்டு வேலை விளம்பரம் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். டேட்டா இன்ஜினியர், நாலெட்ஜ் கிராஃப் (இப்படித் தகவல்களை ஒன்றோடொன்று இணைத்து வைக்கும் வலை) என்று தேடச் சொல்லுங்கள். அங்கே முதலில் கேட்பது தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல், நிரல் எழுதும் பைத்தான். அவை இரண்டும் கைவசம் இருந்தால்தான் இந்தப் படிப்புக்கு மதிப்பு.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பிள்ளைகள் இந்த வகைப்பாடுகளை வரையும் மென்பொருளான ப்ரோட்டேஜேயைத் திறந்து எது எதன் வகை என்று மாதக்கணக்கில் படம் வரைவார்கள், கடைசியில் அதற்குள் போட ஒரு வரி தரவும் இருக்காது. அதற்குப் பதிலாகப் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கத்து மருந்துக்கடைகளையோ நூலகங்களையோ எடுத்து, மூன்று மொழிப் பெயர்களோடு பதிந்து, விக்கித்தரவோடு இணைத்து, 'ஞாயிறு திறந்திருப்பது எது' போன்ற நாலு கேள்விக்குப் பதில் வரவைக்கட்டும். இதற்குப் பைத்தானில் ஆர்டிஎஃப்லிப் என்ற நிரல் தொகுப்பு போதும், காசு கொடுக்கத் தேவையில்லை. இன்டர்வியூவில் லேப்டாப்பைத் திறந்து காட்ட அப்படி ஒன்று கையில் இருக்க வேண்டும்.

தலைப்பைக் கொடுக்க முன்னம் விக்கித்தரவின் வினவல் பக்கத்தில் இலங்கை நகரங்களின் தமிழ்ப் பெயர்களை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிரவுசரே போதும். ஒரு பின்னேரம் அதோடு இருந்துவிட்டு இன்னும் தோண்ட வேண்டும் என்று பிள்ளைக்குத் தோன்றினால், தயங்காமல் இந்தத் தலைப்பையே எடுக்கச் சொல்லுங்கள்.