எங்கள் பகுதியில் நாய்ச்சண்டை நடத்துகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையனும் போகிறான். சாதாரண ஆளாக நான் என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்வியை மூன்று நாளாகத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். நீங்கள் எங்கிருந்தோ ஒளிந்து நின்று பார்த்திருப்பீர்கள். வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்று கை துடிக்கும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். நான் செய்தேன்.

ஆறு வருடம் ஆகிறது. என் வீட்டுக்குப் பின்னால் பாதி கட்டி நின்றுபோன கட்டடம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே பைக்குகள் வந்து நிற்கும். பலகை வைத்து மறித்த சதுரத்துக்குள் இரண்டு நாய்கள். கடித்துப் பிடித்திருக்கும் நாயால் குரைக்க முடியாது, அதனால் நாய்ச் சத்தமே இருக்காது. மனிதர்கள் கத்துவதுதான் கேட்கும். மார்பில் வெள்ளைத் திட்டு உள்ள ஒரு சாம்பல் நாய் எழுந்திருக்க முடியாமல் கிடந்ததை இரண்டு நிமிடம் படம் பிடித்து, எனக்குத் தெரிந்த எல்லாக் குழுக்களிலும் போட்டேன். சாயங்காலத்துக்குள் அது அவர்கள் கைக்கே போய்ச் சேர்ந்தது. போலீஸ் வந்தபோது தரை கழுவிக் காய்ந்திருந்தது. பலகை இல்லை. நாய்களும் இல்லை. அந்தச் சாம்பல் நாயின் உடம்பே ஒரு சாட்சி, அதை யார் உயிரோடு வைத்திருப்பார்கள்? அதற்கு நானும் ஒரு காரணம் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

அப்படியானால் புகாரே கொடுக்கக் கூடாதா என்று யாரும் கிளம்ப வேண்டாம். கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆனால் வாயை மூடிக்கொண்டு, ஒரு நோட்டுப் போட்டு: தேதி, நேரம், வண்டி எண், எந்த வழியாக நாய்களைக் கொண்டுவருகிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள். கிட்டே போகாதீர்கள். பந்தயப் பணம் புழங்கும் இடத்தில் நாய்க்கு மட்டும் ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. நாய்களின் காயங்களையும் கவனித்து எழுதுங்கள். தெருவில் தற்செயலாகச் சண்டை போட்ட நாய்க்கு அங்கங்கே நாலு கடி இருக்கும். சண்டைக்கு விடப்படும் நாய்க்கு முகம், கழுத்து, மார்பு, முன்னங்கால்கள் என்று அங்கேயே குவிந்திருக்கும், பழைய தழும்பின் மேல் புதுக் காயமாக. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு கால்நடை மருத்துவர். இரண்டாவது முறை நாங்கள் கொடுத்த புகார் நிலைத்து நின்றதற்கு அவர் எழுதித் தந்த ஒரு பக்கக் குறிப்புதான் காரணம்.

அந்த இரண்டாவது முறை வந்ததே ஒரு பையனால். பதினாறு வயதிருக்கும். ஒருநாள் இரவு பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினான். தோளில் போர்வை சுற்றிய நாய். "அக்கா, ரத்தம் நிக்க மாட்டேங்குது. டாக்டர்கிட்ட போனா போலீஸுக்குச் சொல்லிடுவாரா?" அவனை அறையத்தான் கை வந்தது. ஆனால் அவன் அழுதுகொண்டிருந்தான். தினமும் அவன் படுக்கையில் படுத்துத் தூங்கும் நாயாம். "நான் விடலைன்னா பயந்தாங்கொள்ளின்னுவாங்கக்கா" என்றான். சண்டை முடிந்து மணிக்கணக்கு, ஏன் நாள்கணக்கு கழித்துக்கூட ரத்த இழப்பிலும் அதிர்ச்சியிலும் நாய்கள் சாகும் என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. ஜெயித்த நாய்க்கு ஒன்றும் ஆகாது என்று நம்பியிருந்தான். அது பிழைத்துவிட்டது.

பிறகு அவனும் நானுமாக ஒரு வேலை ஆரம்பித்தோம். சாயங்காலம் மைதானத்தில் நாயைக் கூடவே நடக்கவும், உட்காரவும், கூப்பிட்டால் வரவும் பழக்குவது. இது என் யோசனை இல்லை. 2006-இல் அமெரிக்காவின் சிகாகோவில் நாய்ச்சண்டைக்கு எதிராகத் தொடங்கிய இயக்கத்தில் இதைத்தான் செய்தார்கள்: பிட்புல் வகை நாய் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு இலவசப் பயிற்சி வகுப்பு, தெருவில் இறங்கிப் பேச அந்தப் பகுதி மக்களே. வெளியிலிருந்து வந்து திட்டுகிறவர்கள் சொல்வது அந்த வயதுப் பையன்களின் காதில் ஏறாது. எங்கள் மைதானத்துக்கு ஐந்து பேர் வந்தார்கள். ஒருவன் மறுபடி சண்டைக்கே போய்விட்டான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கொடுமைக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு: நடத்துகிறவன் வேறு, வேடிக்கை பார்க்கப் போய் மாட்டிக்கொண்ட பையன் வேறு. நடத்துகிறவன் சிறைக்குப் போகத்தான் வேண்டும். சட்டங்கள் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் சங்கடம். இங்கிலாந்து 1835-லேயே தடை செய்துவிட்டது. இந்தியாவின் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் தடவை அகப்பட்டால் அபராதம் 50 ரூபாயைத் தாண்டாது. அமெரிக்காவில் 2014 முதல் வேடிக்கை பார்ப்பதே மத்திய அரசின் சட்டப்படி குற்றம், 16 வயதுக்குக் குறைந்தவரைக் கூட்டிப்போனால் தண்டனை இன்னும் அதிகம். அந்தக் கடைசிப் பிரிவை எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

மீட்ட நாய்களை ஊசி போட்டுக் கொன்றுவிடுவதுதான் நல்லது என்று ஒரு கூட்டம் சொல்லும், நம்பாதீர்கள். 2007-இல் மைக்கேல் விக் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரரின் இடத்தில் பிடித்த சுமார் 50 நாய்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நீதிமன்றம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பரிசோதிக்க வைத்தது. பெரும்பாலானவை பிழைத்தன, பல நாய்கள் வீடுகளில் குழந்தைகளோடு வளர்ந்தன. சண்டையின் நடுவே கையை விட்டுப் பிரிக்க வேண்டியிருப்பதால் மனிதரைக் கடிக்கும் நாயைச் சண்டை நடத்துகிறவர்களே பெரும்பாலும் வளர்ப்பதில்லை.

எங்கள் புகாரில் ஏழு நாய்கள் வெளியே வந்தன. வழக்கு முடியும்வரை அவை சாட்சிப் பொருள், யாருக்கும் தர முடியாது என்று பதினான்கு மாதம் கூண்டில் கிடந்தன. இரண்டு அங்கேயே செத்துவிட்டன. ஒன்று இப்போது என் காலடியில் படுத்திருக்கிறது. இதைக் கூட்டி வந்த மாதமே வீட்டைக் காலி செய்யச் சொன்னார் ஓனர். எட்டு வருடம் ஒருநாள் தள்ளாமல் வாடகை கொடுத்தவள் நான். அதன்பிறகு பார்த்த பதினொரு வீட்டிலும் முதல் கேள்வி நாய் இருக்கிறதா என்பதுதான். குடிகாரனுக்குக் கேள்வி கேட்காமல் வீடு தருகிறார்கள், இதற்கு இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் நாயை மீட்டுவா என்று சொல்கிற யாரும் இதைச் சொல்வதில்லை.

பக்கத்து வீட்டுப் பையனிடம் சண்டையைப் பற்றி எடுத்த எடுப்பில் பேசாதீர்கள். நாய்க்கு என்ன பெயர், எங்கே படுக்கும் என்று கேளுங்கள். நோட்டில் என்ன எழுதுவது என்று சந்தேகம் வந்தால் இங்கேயே கேளுங்கள், இரவு பத்து மணிக்கு மேல் பதில் போடுகிறேன். அந்த வீடியோ மட்டும் வேண்டாம்.