ஆய்வுக்குத் தரும் இரத்தம்: தன்னுடல் தாக்கு நோய்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: எனக்கு லூபஸ் என்ற தன்னுடல் தாக்கு நோய் உள்ளது. நான் தரும் இரண்டு குழாய் இரத்தத்தால் என்ன கண்டுவிட முடியும்?

பதில்: 1979-இல் அமெரிக்க அறிவியலாளர் ஜோன் ஸ்டைட்ஸும் அவருடைய மாணவர் மைக்கேல் லெர்னரும் லூபஸ் நோயாளிகளின் சீரத்தை (இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரை) கொண்டுதான், செல்லின் உட்கருவில் இருக்கும் சிறு ஆர்.என்.ஏ. புரதத் துகள்களைப் பிரித்தெடுத்தனர். மரபுச் செய்தியை வெட்டி ஒட்டும் வேலையில் அத்துகள்களுக்குள்ள பங்கு பின்னர் தெளிவாயிற்று. அதற்கான கருவியை, அதாவது அத்துகள்களைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பான்களை, நோயாளியின் உடலே செய்து வைத்திருந்தது. 2003-இல் வெளியான மற்றோர் ஆய்வு, அமெரிக்க ராணுவம் சேமித்து வைத்திருந்த பழைய சீரத்தை எடுத்துப் பார்த்தது. பின்னாளில் லூபஸ் வந்த 130 பேரில் 115 பேருக்கு, நோய் கண்டறியப்படும் முன்பே ஒரு தன்எதிர்ப்பானாவது (தன் உடலையே குறிவைக்கும் எதிர்ப்பான்) இருந்தது. சிலருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கும் முன்பே. ஆகவே, எடுத்த தேதியும் அப்போது உட்கொண்ட மருந்தும் குறிக்கப்படாத மாதிரியை நான் பாதி மாதிரி என்றே சொல்வேன். இரத்தம் தருவதற்காக மருந்தை நிறுத்தாதீர்கள். படிவத்தில் எழுதினால் போதும்.

கேள்வி: செல்லின் உட்கருவைக் குறிவைக்கும் தன்எதிர்ப்பான்களைத் தேடும் ஏ.என்.ஏ. சோதனை பாசிட்டிவ் என்று வந்துள்ளது. லூபஸா?

பதில்: நோயற்றவர்களுக்கும் அப்படி வருவதுண்டு. அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவர் மூட்டுவாத மருத்துவர்.

கேள்வி: என் தங்கைக்கும் ஏ.என்.ஏ. பாசிட்டிவ்…

பதில்: மேலே உள்ள பதிலே.

கேள்வி: இரத்தம் தருவோரின் பெயரை மறைப்போம் என்கிறீர்கள். ரோ, லா, ஜோ-1 என்ற எதிர்ப்பான்களின் பெயர்கள் நோயாளிகளின் பெயர் எழுத்துகள்தாமே?

பதில்: உண்மைதான், அது அக்கால வழக்கம். இன்று பெயரை நீக்கினாலும் கவலை தீர்வதில்லை. மரபணு வரிசையை வம்சாவளித் தரவுத்தளங்களோடு ஒப்பிட்டுக் குடும்பப் பெயரைக் கண்டுபிடிக்க முடியும் என்று 2013-இல் ஓர் ஆய்வு காட்டிவிட்டது.

கேள்வி (அவரே): அப்படியானால் மாதிரியையும் ஆளையும் இணைக்கும் குறியீட்டுப் பட்டியலை அழித்துவிடலாமே?

பதில்: அழித்தால், நாளை நீங்கள் மனம் மாறி மாதிரியைத் திரும்பப் பெற நினைத்தாலும் உங்களுடையது எது என்று எவருக்கும் தெரியாது, பத்து ஆண்டுகளில் உங்கள் நோய் எப்படி நகர்ந்தது என்பதையும் அதோடு சேர்க்க முடியாது. மரபணு வரிசையோ அப்போதும் உங்களுடையதாகவே இருக்கும். பட்டியல் இருக்கட்டும், ஆனால் ஆய்வாளர் கையில் இருக்கக் கூடாது. ஒப்புதல் படிவத்தில் அதை யார் வைத்திருக்கிறார் என்ற வரியைத் தேடுங்கள்.

கேள்வி: நோயில்லாதவரும் தரலாமா?

பதில்: தரலாம், ஒப்பிட ஆள் வேண்டுமே.

கேள்வி: பல மாதங்களாக ஸ்டீராய்டு எடுக்கிறேன். முடிவு தெளிவாக வரட்டும் என்று நேற்று முதல் நிறுத்திவிட்டேன். சரிதானே?

பதில்: சரியன்று. நீண்ட நாள் எடுத்ததைத் திடீரென நிறுத்தினால், உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க வேண்டிய, ஆனால் மருந்தால் உறங்கிக் கிடக்கும் அட்ரினல் சுரப்பி உடனே ஈடுகொடுக்காது; அது உயிருக்கே ஆபத்தாகலாம். இப்போதே உங்கள் மருத்துவரை அழையுங்கள். இரத்தத்தைப் பிறகு தரலாம்.