ஜிடிபியைப் போல இரு மடங்கு பணம் இருந்தால் ஆபத்தா?

கேள்வி: ஒரு நாட்டின் பண அளிப்பு ஜிடிபியில் (ஓர் ஆண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி மதிப்பில்) 200 சதவீதத்துக்கு மேல், இன்னொரு நாட்டில் 70 சதவீதம் சொச்சம் என்று ஓர் அட்டவணையில் பார்த்தேன். முதல் நாடு கண்டபடி நோட்டு அடித்துவிட்டது என்றுதானே அர்த்தம்? அதன் நாணயத்தில் சேமித்து வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டுமா?

பதில்: அந்த ஒரு எண்ணை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. நீங்கள் பார்த்தது அநேகமாகச் சீனாவும் அமெரிக்காவும்தான். 2024 முடிவில் சீனாவின் எம்2, அதாவது புழக்கத்தில் உள்ள நோட்டும் வங்கி டெபாசிட்டும் சேர்ந்த பண அளிப்பு, சுமார் 313 லட்சம் கோடி யுவான். அந்த ஆண்டின் ஜிடிபி சுமார் 135 லட்சம் கோடி. விகிதம் சுமார் 232 சதவீதம். அமெரிக்காவில் 75 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஆனால் அதே ஆண்டில் சீனாவில் விலைவாசி ஏறியது வெறும் 0.2 சதவீதம், அமெரிக்காவில் 2.9. உங்கள் கணக்குப்படி இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

எம்2-வில் அச்சடித்த நோட்டு சிறு பங்குதான். பெரும்பகுதி வங்கி டெபாசிட். வங்கி கடன் கொடுக்கும்போது வாங்கியவரின் கணக்கில் தொகையை வரவு வைக்கிறது, அதுவே புதுப் பணம். சீனாவில் நிறுவனங்கள் பெரும்பாலும் வங்கியில்தான் கடன் வாங்குகின்றன, மக்களும் வங்கியில்தான் சேமிக்கிறார்கள். அமெரிக்கர்களின் சேமிப்பில் பெரும்பங்கு பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் ஓய்வூதிய நிதிகளிலும் கிடக்கிறது. அவை எம்2 கணக்கில் வராது. ஆக, இந்த விகிதம் காட்டுவது, மக்கள் தங்கள் செல்வத்தில் எவ்வளவைப் பணமாக வைத்திருக்கச் சம்மதிக்கிறார்கள் என்பதைத்தான்.

பணத்தின் மீது நம்பிக்கை போனால் விகிதம் ஏறாது, இறங்கும். 1923-ல் ஜெர்மனியில் நோட்டு மலைபோல் குவிந்தது. ஆனால் கூலி கைக்கு வந்ததும் மக்கள் கடைக்கு ஓடியதால் விலைகள் நோட்டைவிட வேகமாக ஏறின. பொருளாதாரத்தோடு ஒப்பிட்டால் பணத்தின் அளவு சுருங்கித்தான் போனது.

அப்படியானால் உயர்ந்த விகிதம் எப்போதும் பத்திரம் என்றும் சொல்லமாட்டேன். லெபனானில் 2019-க்கு முன் அது 200 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. டெபாசிட்டில் பெரும்பகுதி டாலரில். வங்கிகளோ அந்தப் பணத்தை மத்திய வங்கியிடமும் அரசிடமும் கொட்டி வைத்திருந்தன. நெருக்கடி வந்ததும் போட்டவர்களால் எடுக்க முடியவில்லை. லெபனான் பவுண்டும் தன் மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் இழந்தது. பணம் எவ்வளவு என்பதைவிட, வங்கி அதை யாரிடம் கொடுத்திருக்கிறது என்பது முக்கியம்.

சரி, எதைப் பார்ப்பது? விகிதத்தின் உயரத்தை விடுங்கள், அது மாறும் வேகத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் 2020 பிப்ரவரி முதல் ஓராண்டில் எம்2 கால் பங்குக்கு மேல் பெருகியது. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. விகிதம் எகிறினால் மேலே உள்ள பணம் கூடியதா, கீழே உள்ள ஜிடிபி சரிந்ததா என்று பிரித்துப் பாருங்கள். ஜிடிபியை அந்தந்த ஆண்டு விலையிலேயே எடுக்க வேண்டும், நிலையான (பணவீக்கத்தை நீக்கிய) விலையில் அல்ல. இரண்டு நாடுகளை ஒப்பிடும்போது ஒன்றுக்கு எம்2, மற்றொன்றுக்கு எம்3 (எம்2-ஐவிட விரிவான பண அளவு) என்று கலந்துவிடாதீர்கள். அட்டவணைகளில் அதிகம் நடக்கும் தவறு இது.

சேமிப்பவருக்கு இவை எல்லாவற்றையும்விட நேரடியான கணக்கு ஒன்று உண்டு: வங்கி தரும் வட்டியில் பணவீக்கத்தைக் கழித்தால் மிஞ்சுகிறதா? அப்புறம், டெபாசிட்டுக்கு எவ்வளவு வரை காப்பீடு என்பதையும் கேட்டு வையுங்கள்.