டாலி அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: மே மாதக் கடைசியில் குடும்பத்தோடு பார்சிலோனாவில் நான்கு நாட்கள் தங்கப்போகிறோம். ஓவியம் பயிலும் என் பதினைந்து வயது மகள், ஃபிகெரெஸ் ஊரிலுள்ள, ஸ்பானிய ஓவியர் சால்வடார் டாலியின் அருங்காட்சியகத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறாள். உடன் வரும் அம்மாவுக்கு எழுபது வயது, மூட்டுவலி உண்டு. எனக்கோ டாலி சார்ந்த சர்ரியலிசம் என்ற கலை இயக்கம் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா? டாலி வாழ்ந்த கடலோர வீட்டையும் அன்றே பார்த்துவிடலாமா?

பதில்: தாராளமாகப் போய்த் திரும்பலாம். கடலோர வீட்டை மட்டும் அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் மகளிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். உருகி வழியும் கடிகாரங்கள் கொண்ட அந்த 1931-ஆம் ஆண்டு ஓவியம் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புத்தகங்களில் பார்த்த வேறு பல படங்களும் லண்டன், மாட்ரிட் என்று சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடிக்கொண்டு ஃபிகெரெஸுக்கு வருகிறவர்கள் முகம் வாடித் திரும்புவார்கள். இங்கே பார்க்க வேண்டியது அந்தக் கட்டடத்தைத்தான். டாலி தன் கடைசிக் காலத்தின் பெரும் உழைப்பை அதில்தான் கொட்டினார்.

அது ஒரு பழைய நாடக அரங்கம். ஸ்பானிய உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1939-இல் எரிந்து கூரையிழந்து நின்றது. 1960-களின் தொடக்கத்தில் ஊர் மேயர் ரமோன் குவார்தியோலா, "நம் ஊருக்கு ஓர் ஓவியம் கொடுங்கள்" என்று கேட்கப்போக, ஓர் அருங்காட்சியகமே தருகிறேன் என்றார் டாலி. இடமும் அவர் தேர்ந்ததுதான். சிறுவனாக அவர் தன் படங்களை முதன்முதலில் காட்சிக்கு வைத்தது அந்த அரங்கின் முன்கூடத்தில். அவருக்கு ஞானஸ்நானம் நடந்த தேவாலயம் எதிரிலேயே இருக்கிறது. 1974 செப்டம்பர் 28 அன்று திறந்தார்கள். 1989-இல் இறந்த டாலியின் உடல், மேடைக்கு அடியில் உள்ள கல்லறையில் இருக்கிறது.

அரங்கம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். முதலில் வரும் திறந்த முற்றம், ஒரு காலத்தில் பார்வையாளர்கள் உட்கார்ந்திருந்த இடம். அங்கே ஒரு கறுப்பு காடிலாக் கார் நிற்கும். காசு போட்டால் காருக்குள் மழை பெய்யும். அதன் பின்னால் லாரி டயர்களை அடுக்கிய தூண், உச்சியில் அவர் மனைவி காலாவின் படகு. முற்றத்தைத் தாண்டினால் கண்ணாடிக் குவிமாடத்தின் கீழ் மேடை.

சர்ரியலிசத்துக்கு நீங்கள் பாடம் படித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. 1924-இல் பாரிஸில் ஆந்த்ரே பிரெத்தோன் அறிக்கை வெளியிட்டுத் தொடங்கிய இயக்கம் அது. கனவில் பொருள்கள் எப்படி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றனவோ, அந்தச் சுதந்திரத்தைக் கலைக்குள் கொண்டுவர நினைத்தார்கள். டாலி தனக்கென்று ஒரு வழி வகுத்துக்கொண்டார்: ஒரே உருவத்துக்குள் இரண்டு உருவங்களைப் பார்ப்பது. மேடைப் பகுதியில் தொங்கும் பெரிய படத்தில் காலா முதுகைக் காட்டி நின்று கடலைப் பார்க்கிறார். பின்னால் நகர்ந்துகொண்டே போங்கள். வண்ணக் கட்டங்கள் கூடி ஆபிரகாம் லிங்கன் முகமாகிவிடும். அருகில் நின்றபடியே கைபேசித் திரையில் பார்த்தாலும் முகம் தெரியும். மகளை முதலில் கைபேசி இல்லாமல் தேடச் சொல்லுங்கள். கண்ணைப் பழக்குவது ஓவியம் பயிலும் பெண்ணுக்கு எந்த விளக்கவுரையையும்விடப் பயன்படும்.

நடிகை மே வெஸ்ட் பெயரிலுள்ள அறையிலும் இதே வித்தைதான். உதடாக ஒரு சோபா, மூக்காகக் கணப்பு, கண்களாக இரண்டு படங்கள். படியேறி ஒரு கண்ணாடி வில்லை வழியே பார்த்தால் எல்லாம் சேர்ந்து அந்த ஹாலிவுட் நடிகையின் முகம். படி குறுகலானது, எப்போதும் வரிசை நிற்கும். அம்மாவை அதில் ஏற்ற வேண்டாம். கீழிருந்து பார்த்தாலே பாதி விளங்கிவிடும். கட்டடத்தில் வேறு இடங்களிலும் படிகள் உண்டு. முற்றம், மேடை இரண்டையும் அம்மா நிதானமாகப் பார்க்கட்டும், மாடி அறைகளுக்கு நீங்கள் மாறி மாறிப் போய் வாருங்கள்.

எனக்கு இந்த அருங்காட்சியகத்தில் மிகப் பிடித்தது, பலர் அரை நிமிடத்தில் கடந்துபோகும் ஒரு சிறு படம். சிவப்பு வெல்வெட் போர்த்திய 'பொக்கிஷ அறை'யில் இருக்கும் 1945-ஆம் ஆண்டின் 'ரொட்டிக் கூடை'. இருண்ட பின்னணி, மேசையின் விளிம்பில் ஒரு கூடை, அதில் பிய்த்த ரொட்டியின் முனை. வேறொன்றும் கிடையாது. மொறுமொறுப்பான தோலும் உள்ளே பஞ்சும் அத்தனை துல்லியம். கூடை கீழே விழுந்துவிடுமோ என்று மனம் பதறும். கனவை வரைய எவ்வளவு கறாரான கை வேண்டும் என்று மகள் இங்கேதான் கற்றுக்கொள்வாள். பத்து நிமிடமாவது அங்கே நிற்கட்டும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. நிர்வாணமும் வெளிப்படையான காமமும் டாலியின் படங்களில் நிறைய உண்டு, தனியாக ஒதுக்கி வைத்திருக்க மாட்டார்கள். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து போகும்போது, இது தெரிந்து போனால் சங்கடம் இராது. இதற்காக மகளைத் தடுக்காதீர்கள்.

டிக்கெட்டை நேரம் குறித்து இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். காலையின் முதல் நேரம் உத்தமம். பெரும்பாலான மாதங்களில் திங்கட்கிழமை விடுமுறை என்பதால், போகும் நாளை உறுதிசெய்த பிறகே ரயிலைப் பதிவு செய்யுங்கள். அதே டிக்கெட்டில் நகைக் காட்சிக்கூடமும் அடங்கும். அதன் வாசல் தனி, பலர் கவனிக்காமல் திரும்பிவிடுகிறார்கள். அங்கே மாணிக்கக் கற்கள் பதித்த ஒரு தங்க இதயம் நிஜமாகவே துடிக்கும். எல்லாமாக மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். படங்களுக்கு விளக்கப் பலகைகள் குறைவு, பார்க்கும் வரிசையும் கட்டாயமில்லை. டாலி விரும்பியதே அப்படித்தான்.

ரயிலில் ஒரு குழப்பம் உண்டு. ஃபிகெரெஸுக்கு இரண்டு நிலையங்கள். பார்சிலோனா சான்ட்ஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஃபிகெரெஸ் விலாஃபான்ட். அங்கிருந்து அம்மாவுக்காக டாக்சி எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ரயில் இரண்டு மணி நேரம் எடுக்கும், கட்டணம் குறைவு, ஊருக்குள் உள்ள பழைய நிலையத்தில் இறக்கிவிடும். திரும்பும்போது எந்த நிலையம் என்று டிக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இனி அந்தக் கடலோர வீடு. அது கடாகேஸ் என்ற கடலோர ஊரின் பக்கத்தில் போர்ட்லிகாட்டில், ஃபிகெரெஸிலிருந்து மலைப்பாதை வழியே ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. மீனவர் குடிசைகளை ஒன்றொன்றாக வாங்கி இணைத்துக் கட்டிய வீடு. அறைகள் சிறியவை, அதனால் சிறு சிறு குழுக்களாகத்தான் விடுவார்கள். முன்பதிவு இல்லாமல் போய்ப் பயனில்லை. இரண்டையும் ஒரே நாளில் அடைத்தால் இரண்டிலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பீர்கள். நான்கு நாட்களில் ஓர் இரவைக் கடாகேஸில் தங்கக் கொடுக்க முடிந்தால் மட்டும், முந்தைய நாள் ஃபிகெரெஸ், மறுநாள் காலை போர்ட்லிகாட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.