ஸ்வார்ட்பெர்க் கணவாயில் சைக்கிள்: சர்க்கரைக்காரர் போகலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 57 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். ஒன்பது வருடமாகச் சர்க்கரை உண்டு. மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் சாப்பிடுகிறேன். பிரஷருக்கு எனலாப்ரில், ஹைட்ரோகுளோரோதயசைடு. ஏப்ரலில் மருமகனும் அவர் நண்பர்களும் இங்குள்ள ஸ்வார்ட்பெர்க் கணவாய் மலைப்பாதைக்குப் போகிறார்கள். முதல் நாள் அடிவாரத்து ஊரான பிரின்ஸ் ஆல்பர்ட்டிலிருந்து சைக்கிளில் ஏறி மறுபக்கம் இறங்குவது, மறுநாள் மலை மேல் நடப்பது என்று திட்டம். நானும் போக ஆசைப்படுகிறேன். ஏற்றத்தை என் இதயம் தாங்குமா? உயரத்தில் மூச்சு முட்டுமா? படி இறங்கும்போது மட்டும் முழங்கால் வலிக்கும், மற்றபடி ஒன்றுமில்லை. மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறாள்.

பதில்: போகலாம் ஐயா. ஆனால் நீங்கள் கவலைப்படுவது ஏற்றத்தைப் பற்றி. என் கவலையெல்லாம் இறக்கத்தைப் பற்றியும், அன்றைய இரவைப் பற்றியும்தான்.

முதலில் உயரம். உச்சி 1,583 மீட்டர். மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும், அதனால் அந்தப் பயத்தை விட்டுவிடலாம். (2,876 மீட்டர் உயரமுள்ள சானி கணவாயைக் கேட்டிருந்தால் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.) இதயத்துக்கு, கிளம்புவதற்கு முன் ட்ரெட்மில் ஈசிஜி ஒன்று எடுத்துவிடுங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் இதய அடைப்பு இருக்கலாம். வழக்கத்தை மீறிய மூச்சிரைப்பு, தாடையிலோ இடது தோளிலோ இறுக்கம், காரணமில்லாத குளிர்ந்த வியர்வை இதில் எது வந்தாலும் இறங்கி உட்கார்ந்துவிட வேண்டும். கண் டாக்டரையும் பாருங்கள். விழித்திரையில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால் கற்சாலைக் குலுக்கல் ஆகாது.

பிரின்ஸ் ஆல்பர்ட்டிலிருந்து உச்சிக்குக் கிட்டத்தட்ட 900 மீட்டர் ஏற்றம். பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் ஏறுங்கள். பேச்சு அறுந்தால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடங்கள், அதில் ஒரு அவமானமும் இல்லை. தாமஸ் பெயின் சிறைக்கைதிகளைக் கொண்டு கட்டி முடித்து, 1888-ல் திறக்கப்பட்ட பாதை அது. சாந்தே இல்லாமல் கல் மேல் கல் அடுக்கிய சுவர்கள் இன்றும் நிற்கின்றன. தள்ளிக்கொண்டு போகிறவன்தான் அதை ஒழுங்காகப் பார்ப்பான்.

இனி இறக்கம். காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டம் ஓடிய யாரையாவது கேட்டுப் பாருங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு வருகிற வருடம்தான் தொடைகளுக்குச் சோதனை, ஃபீல்ட்ஸ் ஹில் இறங்கும்போது கால் கழன்றுவிடும் என்பார்கள். காரணம் இருக்கிறது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது. அதில்தான் தசை நார்கள் அதிகம் சேதமாகும், முழங்கால் சில்லுக்குப் பின்னாலும் அழுத்தம் கூடும். உங்கள் படி வலி அங்கிருந்து வருவதாகத்தான் தோன்றுகிறது. வலி மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் உச்சத்துக்குப் போகும். உங்கள் திட்டத்தில் அது சரியாக நடைநாள்! ஆனால் ஒரு நல்ல விஷயம், இறக்கத்துக்கு ஒருமுறை பழகிய தசை சில வாரங்களுக்கு அதை மறப்பதில்லை. சாட்ஸ்வொர்த்தில் சரிவுக்கா பஞ்சம்? இப்போதிருந்தே வாரம் இரண்டு நாள் மேட்டுத் தெருவில் மெதுவாக இறங்கிப் பழகுங்கள். நடைக்கு இரண்டு ஊன்றுகோல் எடுத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளில் இறங்கும்போது பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வராதீர்கள், விட்டு விட்டுப் பிடியுங்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் உள்ளங்கை நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். நிறுத்திக் கையை உதறுங்கள். ஏறிய வேர்வையோடு இறங்கினால் காற்று நடுங்க வைக்கும், உச்சியிலேயே சட்டையை மாற்றிவிடுங்கள்.

முழங்கால் வலிக்கிறதே என்று மருமகன் ஒரு ஐப்யூப்ரோஃபென் வலி மாத்திரையை நீட்டுவார். வாங்காதீர்கள். எனலாப்ரில், நீர் பிரியும் மாத்திரையான ஹைட்ரோகுளோரோதயசைடு, ஐப்யூப்ரோஃபென் மூன்றும் ஒன்று சேர்ந்து, மேலே கரூ வறண்ட நிலத்து வெயிலில் நீர்ச்சத்தும் குறைந்தால் சிறுநீரகம் ஒரே நாளில் படுத்துவிடலாம். அப்படி வந்தவருக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். விளையாட்டு மைதானத்தில் இரண்டு மாத்திரை போட்டார், அவ்வளவுதான் கதை. பாரசிட்டமால் போதும். தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், கூட உப்பும் வேண்டும். ஊறுகாய் வைத்த ரொட்டிக்கு நான் தடை சொல்லமாட்டேன். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் பிரஷர் மாத்திரைகளையும் மெட்ஃபார்மினையும் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கால் பாதம். காவடிக்கு வெறுங்காலோடு நடந்து, கொப்புளம் வந்ததே தெரியாமல் மூன்று நாள் கழித்துச் சீழோடு வருகிறவர்கள் வருடா வருடம் என்னிடம் வருகிறார்கள். நோகவில்லையே டாக்டர் என்பார்கள். நோகாததுதான் நோய். போவதற்கு முன் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையால் சோதிக்கச் சொல்லுங்கள். புது ஷூவோடு போகாதீர்கள். இரண்டு நாளும் மாலையில் பாதத்தின் அடிப்பக்கத்தை நீங்கள் பார்க்க முடியாவிட்டால் மருமகனைப் பார்க்கச் சொல்லுங்கள். மாமனார் மரியாதை ஒரு நாள் பொறுக்கும்.

கடைசியாக, நான் அதிகம் பயப்படுவது. மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையைத் தாழ்த்தி மயங்க வைக்காது. கிளிக்லசைடு செய்யும், அது நீங்கள் சாப்பிட்டீர்களா, மலை ஏறினீர்களா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைக்கும். அந்த இரண்டு நாள் அளவைக் குறைப்பதா, விடுவதா என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள், நீங்களே முடிவு செய்யாதீர்கள். கிளம்பும் முன் சர்க்கரை (இங்கே சொல்வதெல்லாம் mmol/L கணக்கு) 5-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு துண்டு ரொட்டியோ சாப்பிட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். வழியில் முக்கால் மணிக்கொரு தடவை ஏதாவது வாயில் போடுங்கள். நடுக்கம், வேர்வை, காரணமில்லாத எரிச்சல் வந்தால் சோதியுங்கள். 4-க்குக் கீழே என்றால் நாலு டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில், கால் மணி கழித்து மறுபடி சோதனை. இறக்கம் முடியும்வரை சைக்கிள் ஏறக்கூடாது, பக்கியில் (பின்னால் திறந்த சிறு வண்டி) தான் இறங்க வேண்டும்.

ஆம், பின்னால் ஒரு பக்கி வரட்டும். அவசரத்துக்கு 10177, கைபேசியில் 112. ஆனால் அந்த மலையில் சிக்னலை நம்பக்கூடாது.

வீட்டம்மாவையும் அதே பக்கியில் உட்கார வையுங்கள். சாப்பாட்டு டப்பா, சோதனைக் கருவி அவரிடமே இருக்கட்டும். ஏனென்றால் வேலை செய்த தசை ஒரு நாள் வரையில் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். மலையில் ஒன்றும் ஆகாமல் விடியற்காலை மூன்று மணிக்குப் படுக்கையில் மயங்குகிறவர் உண்டு. படுக்கும் முன் 7-க்குக் கீழே இருந்தால் ஒரு டம்ளர் பாலும் ஒரு ரொட்டியும். இரவில் நீங்கள் நனைந்துபோய் உளறினால், எழுப்பி உட்கார வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். விழுங்க முடியாத நிலையில் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நேரே ஆம்புலன்ஸ்தான். இதை அவரிடம் படித்துக் காட்டிவிட்டு, அப்புறம் போகலாமா என்று கேளுங்கள்.