பெட்டி மேல் இருக்கும் படத்தை நம்பாதீர்கள்: கடற்படை விமான மாடல்கள், கேள்வி-பதில்

கேள்வி: அப்பா கடற்படையில் ஐ.என்.எஸ். விராட் கப்பலில் வேலை பார்த்தவர். இப்போது காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு, அந்தக் கப்பலிலிருந்து பறந்த சீ ஹாரியர் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் ஒன்றை என் கையால் செய்து கொடுக்க ஆசை. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஆன்லைனில் பார்த்தால் நாலைந்து விதமான ஹாரியர் வருகிறது. எதை வாங்குவது? இதற்கு முன் மாடல் செய்த பழக்கம் இல்லை.

பதில்: பெட்டியில் 'ஹாரியர்' என்ற பேரைப் பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள். அதற்குப் பின்னால் வரும் எழுத்தும் எண்ணும்தான் முக்கியம். நம் கடற்படையிடம் இருந்தது எஃப்.ஆர்.எஸ்.51. பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்.ஆர்.எஸ்.1 விமானத்தில் சில மாற்றங்கள் செய்து நமக்காகத் தயாரித்தது. அதனால் எஃப்.ஆர்.எஸ்.1 என்று போட்ட கிட்டைத்தான் (பாகம் பாகமாக வரும் மாடல் பெட்டி) வாங்க வேண்டும். எஃப்.ஏ.2 என்று இன்னொன்று கிடைக்கும். அதன் மூக்கு உருண்டு பருத்திருக்கும், பின்பக்கம் உடலும் கொஞ்சம் நீளம். அதை இந்தியா வாங்கவே இல்லை. ஜி.ஆர்.3 பிரிட்டிஷ் விமானப்படையுடையது, ஏ.வி.8 அமெரிக்கர்களுடையது. இவற்றில் ஒன்றைச் செய்து கொடுத்தீர்கள் என்றால் அப்பா மேலுக்குச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். ஆனால் மூக்கைப் பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிடும்.

அளவைப் பொறுத்தவரை 1/72 (நிஜ விமானத்தில் 72-ல் ஒரு பங்கு) போதும். உண்மையான விமானம் சுமார் 14.5 மீட்டர், மாடல் 20 சென்டிமீட்டர் வரும். 1/48 என்றால் 30 சென்டிமீட்டர், பாகங்களும் பெயின்ட் வேலையும் அதற்கேற்பக் கூடும். 1/72-ல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 2010-ல் புதிய வார்ப்பு அச்சில் கொண்டுவந்த எஃப்.ஆர்.எஸ்.1 புதியவர்களும் செய்யக்கூடிய கிட்தான். ஒரே ஒரு குறை, அதனுடன் வரும் டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) பிரிட்டிஷ் அடையாளங்களோடு இருக்கும். இந்திய மூவண்ண வட்டமும், வாலில் பாயும் வெள்ளைப் புலியும் தனியாக விற்கும் டெக்கால் தாளில்தான் கிடைக்கும். முதலில் அந்தத் தாள் கிடைக்கிறதா என்று பாருங்கள், பிறகு கிட்டை வாங்குங்கள். கிட்டை முதலில் வாங்கிவிட்டு டெக்காலுக்காக ஆறு மாதம் காத்திருந்தவன் சொல்கிறேன்.

பெயின்ட் வாங்குவதற்கு முன்னால் அப்பாவிடம் எந்த வருடங்களில் கப்பலில் இருந்தார் என்று பேச்சுவாக்கில் கேட்டுவிடுங்கள். 1983-ல் வரத் தொடங்கிய விமானங்கள் மேலே அடர் சாம்பலும் கீழே வெள்ளையுமாக இருந்தன. பிற்காலத்தில் வெள்ளை போய் முழுக்கச் சாம்பலாகிவிட்டது. 2016-ல் ஓய்வு கொடுத்தபோது இருந்த நிறத்தை அடித்துவிட்டு, "நான் இருந்தப்ப கீழே வெள்ளையாச்சே" என்று கேட்டுக்கொள்ள வேண்டாம். வீட்டில் பழைய ஆல்பம் இருந்தால் அதுதான் நல்ல வழிகாட்டி. கோவா போகிறவர்கள் யாராவது இருந்தால், அங்கே கடற்படை விமான அருங்காட்சியகத்தில் நிற்கும் சீ ஹாரியரைச் சக்கரம், இறக்கை அடிப்பகுதி என்று பல பக்கமும் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். பெட்டியில் வரும் சைட்வைண்டர் ஏவுகணைகளை மாட்டாதீர்கள். நம்முடையவை பிரெஞ்சு மேஜிக் ஏவுகணையைச் சுமந்தவை. இறக்கைக்கடியில் எரிபொருள் தொட்டி மட்டும் போதும்.

இன்னொன்று தோன்றுகிறது. முடித்துத்தான் கொடுக்க வேண்டுமா? பிரிக்காத பெட்டியைக் கொடுத்து, இரண்டு பேரும் சேர்ந்து செய்தால் எந்த நிறம் எங்கே என்று அவரே சொல்வாரே.

கேள்வி: தருமபுரியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஐயாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். எஃப்-14 டாம்கேட் 1/48 வாங்க ஆசை. முதல் கிட். பணம் போதுமா?

பதில்: பெட்டிக்கு வேண்டுமானால் போதும், மாடலுக்குப் போதாது தம்பி. நிப்பர் (பாகங்களை வெட்டியெடுக்கும் சின்ன கட்டர்), கத்தி, சிமென்ட் (மாடலுக்கான பசை), பிரைமர், ஐந்தாறு நிறம், நல்ல பிரஷ் இரண்டு, மாஸ்கிங் டேப், கடைசியில் அடிக்க வார்னிஷ், இவ்வளவும் வேண்டும். கையில் இருப்பதில் பாதிக்கு மேல் கிட்டுக்குப் போகக் கூடாது என்பது என் கணக்கு. டாம்கேட் நிஜத்தில் 19 மீட்டர். 1/48-ல் கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர், இறக்கையை விரித்தால் அகலமும் அவ்வளவு. ஹாஸ்டல் ஷெல்ஃபில் அதை எங்கே வைப்பீர்கள்?

ஹாபி பாஸ் நிறுவனத்தின் 1/72 வைல்ட்கேட் அல்லது ஹெல்கேட் வாங்குங்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கப்பல்களிலிருந்து பறந்தவை. உடல் ஒரே துண்டாகவே வரும். நடு இணைப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலை கிடையாது. ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு வாரத்தில் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். டாம்கேட் எங்கேயும் ஓடிப்போகாது.

சாமான்களில் எதை உள்ளூரில் வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதில்தான் பலர் காசை விடுகிறார்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் 400, 800, 1000 மூன்றும் எந்த ஹார்டுவேர் கடையிலும் உண்டு. வயர் வெட்டும் சின்ன கட்டர் செல்போன் சர்வீஸ் கடைக்காரர்கள் வாங்கும் இடத்தில் கிடைக்கும். விமானம் வால் குத்தி உட்காராமல் இருக்க மூக்குக்குள் சில கிட்களில் எடை வைக்கச் சொல்வார்கள். அதற்குத் தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டு போதும். கே.ஆர்.பி. அணைப் பக்கம் மீன் பிடிக்கிறவர்களைக் கேட்டால் எங்கே வாங்குவது என்று சொல்வார்கள்.

ஆனால் பசையையும் தின்னரையும் மட்டும் மாடலுக்கென்று விற்பதையே வாங்குங்கள். மாடல் சிமென்ட் வெறுமனே ஒட்டுவதில்லை, பிளாஸ்டிக்கை இளக்கி ஒன்றோடொன்று சேர்த்துவிடுகிறது. இன்ஸ்டன்ட் பசையை, விமானி உட்காரும் இடத்தின் கண்ணாடி மூடிக்குப் போட்டால் அதன் ஆவி படிந்து வெள்ளைப் புகை அடித்த மாதிரி ஆகிவிடும். பெயின்ட் கடையில் தருகிற என்.சி. தின்னர் இன்னும் மோசம். "எல்லாத்துக்கும் இதான் சார்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, ஒரு கோர்செயர் விமான மாடலின் இறக்கையைத் துடைத்தேன். கோடுகள் எல்லாம் கரைந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. அந்த இறக்கையை இன்னும் வைத்திருக்கிறேன், எந்தப் பெயின்ட்டையும் முதலில் அதன் மேல்தான் சோதித்துப் பார்ப்பது.

கேள்வி: ஓசூரில் வேலை. கேக்குக்கு நிறம் அடிக்கும் சார்ஜ் ஏற்றுகிற ஏர்பிரஷ் மலிவாக வருகிறது. மாடலுக்கு ஆகுமா? காருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெஸர் ஒன்றும் சும்மா கிடக்கிறது.

பதில்: கார் கம்ப்ரெஸர் வேண்டாம். தொட்டி இல்லாததால் காற்று விட்டு விட்டு வரும், பெயின்ட் துப்பும். கேக் ஏர்பிரஷ்ஷில் காற்றழுத்தம் குறைவு. நன்றாக நீர்த்த அக்ரிலிக் போகும், கெட்டியானால் அடைக்கும். 1/72-க்குச் சமாளிக்கலாம். பணம் போடுவதாக இருந்தால் 0.3 மில்லிமீட்டர் முனையுள்ள ஏர்பிரஷ், சின்னத் தொட்டியோடு அழுத்தம் கூட்டிக் குறைக்கும் வசதியும் ஈரம் பிடிக்கும் கிண்ணமும் உள்ள கம்ப்ரெஸர், இரண்டும் சேர்த்து ஒரே தடவையில் வாங்குங்கள். மழைக்காலத்தில் அந்த ஈரக் கிண்ணத்தின் அருமை தெரியும். முகமூடி, திறந்த ஜன்னல், இரண்டும் கட்டாயம்.

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். இன்ஸ்டாகிராமில் கடை போட்டிருக்கும் ஒருவரிடம் மிக்-29கே கிட் வாங்கினேன், யு.பி.ஐ.யில் பணம் அனுப்பினேன். வந்த பெட்டியில் கண்ணாடி மூடி இருக்கும் சட்டமே (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஃப்ரேம்) இல்லை. அதோடு, கே என்று சொன்னது சாதாரண மிக்-29 போலத் தெரிகிறது. "பிரித்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார்.

பதில்: இரண்டு குறை இருக்கிறது, இரண்டாவதுதான் பெரியது. கப்பலுக்கான கே வகையில் இறக்கை மடியும், வாலடியில் கயிற்றைப் பிடிக்கும் கொக்கி இருக்கும், இறக்கை வேரின் மேல் உள்ள காற்றுத் திறப்புகள் இருக்காது. உங்கள் கிட்டில் அந்தத் திறப்புகள் இருந்து கொக்கி இல்லை என்றால் அது தரைத்தளத்திலிருந்து பறக்கும் மிக்-29. வேறு பொருளைச் சொல்லி வேறு பொருளை விற்றிருக்கிறார். விளம்பரத்தில் கே என்று எழுதியிருந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதை எடுங்கள், அழித்துவிடுவார்.

பிளாஸ்டிக் ஃப்ரேமிலிருந்து ஒரு பாகத்தைக்கூட வெட்டாதீர்கள். வெட்டிய கிட்டை 'பயன்படுத்தியது' என்று சொல்லிவிடுவார்கள். பையைப் பிரித்துப் பார்ப்பது வேறு, வெட்டுவது வேறு.

பெட்டி, பில், பணம் அனுப்பிய விவரம், பேசிய செய்திகள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தருமபுரியிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். உண்மையைச் சொன்னால், இந்த விவரங்களை எழுதி ஒரு நோட்டீஸ் அனுப்பினாலே சிலர் பணத்தைத் திருப்பிவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. அவர் தொடர்ந்து வியாபாரம் செய்கிறவராக இருக்க வேண்டும். தன் அலமாரியில் இருந்த ஒரு கிட்டை விற்ற தனி ஆள் என்றால் நுகர்வோர் சட்டம் பெரிதாக உதவாது. பணம் வாங்கிவிட்டுப் பொருளே அனுப்பாமல் காணாமல் போவது வேறு கதை. அதற்கு சைபர் குற்ற எண் 1930, அன்றைக்கே கூப்பிட வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் விலையைப்போல இங்கே ஏன் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு? கடைக்காரர் கொள்ளையா?

பதில்: எல்லாம் அவர் பாக்கெட்டுக்குப் போவதில்லை. சுங்கப் பட்டியலில் இந்த மாடல்கள் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் வருகின்றன. பொம்மைக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. உள்நாட்டுப் பொம்மையைக் காப்பாற்ற வந்த வரி டாம்கேட்டையும் பிடித்துக்கொண்டது. பெட்டியில் இறக்குமதியாளர் பேர், முகவரி, எம்.ஆர்.பி. ஒட்டியிருக்க வேண்டும். அந்த விலைக்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள். ஸ்டிக்கரைக் கிழித்த தடம் தெரிந்தால் வேறு கடை பாருங்கள். வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் தபால்காரர் வரி கேட்பார், அதையும் கணக்கில் சேர்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

இன்னொன்று, புதுப் பெட்டிக்குள் பழைய அச்சில் வார்த்த பாகங்கள் இருக்கலாம். ஒரு நிறுவனத்தின் பெட்டியில் இன்னொரு நிறுவனத்தின் கிட்டும் வரும். டாமியாவின் 1/72 வரிசையில் சில உண்மையில் இத்தாலேரி அச்சுகள். ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் கிட் எண்ணைப் போட்டால் எந்த வருடத்து அச்சு என்று காட்டும். இரண்டு நிமிட வேலை.

கேள்வி: ஊத்தங்கரையிலிருந்து. பழைய சீ ஹாக் கிட் ஒன்று மலிவாகக் கிடைத்தது. டெக்கால் தாள் மஞ்சளாகிவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம். பிளாஸ்டிக் கவரில் போட்டு, படம் வெளியே பார்க்க வெயில் விழும் ஜன்னலில் ஒட்டிவிடுங்கள். நம்மூர் வெயிலுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் மஞ்சள் வெளுத்துவிடும். அப்புறம், தேவையில்லாத ஓர் எண்ணை மட்டும் வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். முழுதாக நழுவி வந்தால் தாள் பிழைத்தது. துண்டு துண்டாக உடைந்தால் மேலே ஒரு கை கிளியர் வார்னிஷ் அடித்துக் காயவிட்டு மறுபடி முயலுங்கள். அப்போது ஒவ்வொரு படத்தையும் ஓரம் ஒட்டி வெட்ட வேண்டியிருக்கும், கத்தரிக்கோல் கூராக இருக்கட்டும்.