மாற்றுச் சர்க்கரைக்கு முழு உணவில் இடம் உண்டா? – உணவியல் கேள்வி பதில்

கேள்வி: பொட்டலத்தில் அடைத்து வரும் தின்பண்டங்களை ஓராண்டுக்கு முன்பே விட்டுவிட்டேன். தானியம், பருப்பு, காய்கறி, பழம், கொட்டைகள் என்று பதப்படுத்தாத முழு உணவுகளையே உண்கிறேன். காப்பியில் மட்டும் சுக்ரலோஸ் என்னும் மாற்றுச் சர்க்கரை மாத்திரை இரண்டு போடுகிறேன். இது என் உணவுமுறையைக் கெடுத்துவிடுமா?

பதில்: கெடுத்துவிடாது. ஓராண்டாக நீங்கள் சேர்த்துவைத்த நன்மையை இரண்டு மாத்திரைகள் அழித்துவிடும் என்று சொல்ல எந்தச் சான்றும் என்னிடம் இல்லை. ஆனால் கெடுக்காத பொருள்களுக்கெல்லாம் உணவில் இடம் தர வேண்டும் என்பதில்லை. முழு உணவில் இனிப்பு தனியாக வருவதில்லை. நாரும் நீரும் மற்றச் சத்துகளும் சேர்ந்தே வரும். சுக்ரலோஸோ, 1976இல் சர்க்கரை மூலக்கூற்றில் குளோரினைப் புகுத்தும் ஆராய்ச்சியின்போது கண்டறியப்பட்டது. சர்க்கரையைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிப்பு, அதற்கு மேல் உடலுக்குத் தர அதனிடம் ஒன்றும் இல்லை. பிரேசிலைச் சேர்ந்த கார்லோஸ் மொண்டேரோவும் சாவோ பாவுலோ பல்கலைக்கழகக் குழுவினரும் உணவுகளைப் பதப்படுத்தும் அளவை வைத்து வகுத்த நோவா வகைப்பாட்டில், ஓர் உணவு மிகைப் பதப்படுத்தப்பட்டது என்று காட்டும் அடையாளங்களுள் இத்தகைய இனிப்பூட்டிகளும் அடங்கும்.

வகைப்பாட்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது உங்கள் நாக்கு. ஒரு பச்சைக் கேரட் துண்டை வாயிலிட்டு அவசரப்படாமல் மென்று பாருங்கள். முதலில் மண்வாசனையும் நீர்ச்சாறும் தெரியும். நன்றாக மென்ற பிறகே இனிப்பு மெல்ல மேலெழும். நாள்தோறும் கடும் இனிப்பில் ஊறிய நாக்குக்கு அந்த இனிப்பு எட்டுவதே அரிது. மாற்றுச் சர்க்கரை கலோரியைக் குறைக்கிறதே தவிர, நாம் பழகிப்போன இனிப்பின் அளவைக் குறைப்பதில்லை. என் தயக்கத்திற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: ஸ்டீவியா செடியிலிருந்துதானே வருகிறது? அதையாவது இயற்கை உணவு என்று கொள்ளலாமா?

பதில்: சீனித்துளசி என்று நாம் அழைக்கும் அந்தச் செடியின் இலையைக் கிள்ளி வாயில் போட்டால் இனிப்போடு ஒரு கசப்பும் பசுந்தழை வாசனையும் வரும். பொட்டலத்தில் வரும் வெண்பொடி அந்த இலையல்ல. இலையை வெந்நீரில் ஊறவைத்து, சாற்றைப் பிசின் வழியே செலுத்தி, ஆல்கஹாலால் பிரித்தெடுத்துப் படிகமாக்கிய கிளைக்கோசைடுகள் என்னும் இனிப்புச் சேர்மங்களே அது. பாதுகாப்பானதென்று ஏற்கப்பட்டதும் இந்தச் சுத்திகரித்த பொருள்தான். நாள் ஒன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4 மி.கி. ஸ்டீவியால் (அந்தக் கிளைக்கோசைடுகளின் அடிப்படைக் கூறு) வரை என்று அதற்கு அளவும் வகுக்கப்பட்டுள்ளது.

பொட்டலத்தின் பின்புறத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். பொருள்களின் பட்டியலில் முதலில் நிற்பதே அளவில் மிகுதியானது. பல ஸ்டீவியாப் பொட்டலங்களில் அந்த முதல் இடத்தில் அளவைக் கூட்டச் சேர்க்கும் டெக்ஸ்ட்ரோஸோ மால்டோடெக்ஸ்ட்ரினோ எரித்ரிட்டாலோ இருக்கும். முன்பக்கத்தில் பச்சை இலைப் படம் போட்டு விற்கும் பொருள், பட்டியலின் கடைசியில் எங்கோ இருக்கும். இலைப் படத்தை நம்பிக் காசு கொடுப்பவர்களை எண்ணி நான் வருந்துகிறேன்.

கேள்வி: அப்படியானால் தேனும் பேரீச்சம்பழப் பாகும் மேலா?

பதில்: ஒரு மேசைக்கரண்டித் தேனில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தேனையும் பாகுகளையும் பழச்சாற்றையும் வெள்ளைச் சர்க்கரையோடு ஒரே கணக்கில் வைத்து, இவை அனைத்தும் சேர்ந்து நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள், இயன்றால் 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 2000 கலோரி உண்பவருக்கு 5 விழுக்காடு என்பது 25 கிராம், அதாவது சுமார் ஆறு தேக்கரண்டி. முழுப் பழம் அந்தக் கணக்கில் வராது. பேரீச்சம்பழத்தை அப்படியே மென்று உண்டால் நாரோடு வயிற்றுக்குப் போகிறது, இரண்டு மூன்று உண்டதும் போதும் என்று தோன்றுகிறது. அதையே பாகாக்கிவிட்டால் பத்துப் பழங்களின் இனிப்பு தெரியாமலே உள்ளே போய்விடும்.

கேள்வி: உடல் எடை குறைய மாற்றுச் சர்க்கரை உதவுமா?

பதில்: சில மாதங்கள் நடக்கும் ஆய்வுகளில், சர்க்கரைக்குப் பதிலாக இதை எடுத்தவர்களின் எடை சிறிதளவு குறைந்தது. நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வுகளிலோ, இவற்றை மிகுதியாக உட்கொண்டவர்களிடம் உடற்பருமனும் இரண்டாம் வகை நீரிழிவும் இதயநோயும் கூடுதலாகக் காணப்பட்டன. ஏற்கெனவே எடை ஏறியவர்களே இவற்றை நாடுவதால், எது காரணம் எது விளைவு என்று பிரித்தறிவது கடினம். இவற்றையெல்லாம் சீர்தூக்கிய உலக சுகாதார நிறுவனம், எடைக் கட்டுப்பாட்டுக்காக இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று மே 2023இல் பரிந்துரைத்தது. காரணமும் விளைவும் இப்படித் தெளிவாகப் பிரியாததால், அதையும் நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரை என்றே குறிப்பிட்டது.

கேள்வி: என் தந்தைக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. தேநீருக்கு மட்டும் இனிப்பூட்டி போடுகிறார். நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: தயவுசெய்து அவரை வற்புறுத்தாதீர்கள், அம்மா. மேலே சொன்ன 2023ஆம் ஆண்டுப் பரிந்துரை, ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே தெளிவாக எழுதப்பட்டுள்ளது. சர்க்கரை போட்ட தேநீரோடு ஒப்பிட்டால் இது அவருக்கு நன்மையே. கவனிக்க வேண்டியவை வேறு. 'சர்க்கரை சேர்க்காதது' என்று எழுதிய பிஸ்கட்டில் மாவு இருக்கிறது. அந்த மாவு இரத்தச் சர்க்கரையை ஏற்றும்.

இன்னொன்றை மறக்காமல் மனத்தில் வையுங்கள். அவர் இன்சுலினோ, இரத்தச் சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவராயின், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் வரும் வேளையில் இனிப்பூட்டி சிறிதும் உதவாது. அப்போது தேவைப்படுவது 15 கிராம் அளவுக்கு உண்மையான குளுக்கோஸோ சர்க்கரையோதான். இனிப்பூட்டிக்கு மாறிய வீடுகளில் சர்க்கரை டப்பாவே இல்லாமல் போவதை நான் கண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி நேர வேண்டாம்.

கேள்வி: டயட் பானங்களில் சேர்க்கும் அஸ்பார்டேம் என்னும் இனிப்பூட்டி புற்றுநோய் தரும் என்கிறார்களே?

பதில்: பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஜூலை 2023இல் அதை '2பி' என்ற பிரிவில் சேர்த்தது. புற்றுநோய் உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று குறைவு என்பது அப்பிரிவின் பொருள். அதே நாளில் உணவுச் சேர்க்கைகளை ஆராயும் நிபுணர் குழு, ஒரு கிலோ எடைக்கு நாள்தோறும் 40 மி.கி. என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட, நாள்தோறும் 9 முதல் 14 கேன் டயட் பானம் குடிக்க வேண்டும். எனவே அச்சப்பட வேண்டாம். ஆனால் பிறவியிலேயே ஃபீனைல்கீட்டோனூரியா என்னும் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் இதை அறவே தவிர்க்க வேண்டும்.

கேள்வி: எரித்ரிட்டால், சைலிட்டால் என்னும் மாற்றுச் சர்க்கரைகளைக் கொண்டு கேக் செய்யலாமா?

பதில்: எப்போதாவது செய்யலாம். அளவு மிஞ்சினால் வயிறு உப்பும், பேதியாகும். இரத்தத்தில் எரித்ரிட்டால் மிகுந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததாக 2023இல் ஓர் ஆய்வு சுட்டியது. எரித்ரிட்டாலை உடலே சிறிதளவு உண்டாக்குவதால் இதை முடிவான சான்றாக நான் கொள்ளவில்லை. ஆயினும் இதய நோயாளிகளுக்கு நானாக இதைப் பரிந்துரைப்பதில்லை. வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டாலை அதன் வாய்க்கு எட்டாமல் வையுங்கள். நாய்க்கு அது நஞ்சு.

கேள்வி: குழந்தைகளுக்கு?

பதில்: சர்க்கரையும் வேண்டாம், மாற்றும் வேண்டாம், பழத்தைப் பழமாகவே கொடுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாவில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். பாட்டுலிசம் என்னும் கொடிய நோய்க்கான நுண்ணுயிர் வித்துகள் அதில் இருக்கக்கூடும்.

கேள்வி: இனிப்புப் பழக்கத்தை எப்படிக் குறைப்பது? பலமுறை முயன்று தோற்றுவிட்டேன்.

பதில்: ஒரே நாளில் நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு கரண்டிச் சர்க்கரை போடுபவர் வாரத்துக்குக் கால் கரண்டி வீதம் குறைத்தால், எட்டு வாரத்தில் வெறும் தேநீருக்கு வந்துவிடலாம். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், உணவில் சர்க்கரையிலிருந்து வரும் கலோரியை 40 விழுக்காடு குறைத்தவர்களுக்கு, மூன்றாம் மாதத்தில் அதே புட்டிங், சர்க்கரையைக் குறைக்காதவர்களுக்குத் தெரிந்ததைவிட இனிப்பு மிகுந்ததாகத் தெரிந்தது. முதல் மாதத்தில் அந்த மாற்றம் தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலோர் அந்த முதல் மாதத்தில்தான் கைவிடுகிறார்கள். மாத்திரை போடுபவர்களுக்கும் இதே வழிதான்: முதலில் கத்தியால் பாதியாக வெட்டுங்கள், மூன்று வாரம் கழித்து அந்தப் பாதியையும் பாதியாக்குங்கள்.